கம்பளிக்குத் தீட்டு இல்லை

கம்பளியில் எதுவும் ஒட்டாது என்று நாற்பத்திரண்டு வயது வரைக்கும் நம்பியிருந்தேன். எச்சில் ஒட்டாது, கண்டவர் தொட்ட தீட்டு ஒட்டாது, சாவுத் தீட்டுகூட ஒட்டாது; அப்படி இருக்கும்போது வியாதி மட்டும் எப்படி ஒட்டும்? இதுதான் என் தர்க்கம். பிறகு ஒரே காலையில் அதைத் தலைகீழாக்கி, உலகத்து வியாதியெல்லாம் கம்பளிக்குள்தான் குடியிருக்கிறது என்று நம்ப ஆரம்பித்தேன். முதல் நம்பிக்கையில் இருந்தபோது சிரித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவதில் அலறிக்கொண்டிருந்தேன். அறிவு இரண்டிலும் ஒரே அளவுதான்.

திருத்தணி மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கிற குடும்பம் எங்களுடையது. வீடு அடிவாரத்தில், குளத்துக்குப் பக்கத்துத் தெருவில். விடியும்போது குளித்து, யாரும் தொடாமல் உலர்ந்த வேட்டியைக் கொம்பால் எடுத்துக் கட்டிக்கொண்டு படியேற வேண்டும். வழியில் யார் மேலாவது பட்டுவிட்டால் வேட்டி போச்சு. இறங்கி வந்து மறுபடி முழுக்கு. ஐப்பசி மழையில் வேட்டி எங்கே உலரும்? அதற்காகப் பெரியவர்கள் ஒரு சலுகை வைத்திருந்தார்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் தீட்டு இல்லை. துவைக்காவிட்டாலும் மடிதான். என் அப்பா போர்த்திய கம்பளியை அப்படியே எடுத்து நானும் போர்த்திக்கொண்டு பல மழைக்காலம் மலையேறியிருக்கிறேன். அது நாறிய நாற்றத்துக்கு அடுப்புப் புகையே மூக்கைப் பொத்திக்கொள்ளும். ஆனாலும் மடி.

என் மனைவிக்குக் கொக்கி ஊசியால் நூல் பின்னுவது பழக்கமானது போர்க்காலத்தில். சென்னையில் குண்டு விழப்போகிறது என்று ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறி வந்தார்களே, அப்போது எங்கள் தெருவில் குடியேறிய ஓர் அம்மாள் கற்றுக்கொடுத்தாள். குண்டு விழவில்லை, அம்மாள் திரும்பிப் போய்விட்டாள், ஊசி மட்டும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. அது சன்னமான இரும்பு ஊசி. பருத்தி நூலுக்குத்தான் சரி. கம்பளி நூலுக்குத் தடிமனாக வேண்டும் என்றாள். நான் ஒரு மூங்கில் குச்சியைச் செதுக்கி, நுனியில் கொக்கி வைத்து, கண்ணாடிச் சில்லால் வழவழவென்று வழித்துக் கொடுத்தேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்து கொடுத்த சாமான் அது ஒன்றுதான் என்று அவள் சொல்வாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவள் அதையும் சேர்த்துத்தான் சொல்கிறாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, கேட்டதில்லை.

மட்டமான கம்பளி நூல்தான் அவளுக்குக் கிடைக்கும். கடையில் கழித்த துண்டு நூல், சாயம் திட்டுத் திட்டாய்ப் போன நூல், முடிச்சு விழுந்தது. அதை வைத்து அவள் செய்தவையும் பெரிய கலைச்சாமான் ஒன்றும் இல்லை. சுடுபாத்திரம் பிடிக்க இரட்டை மடிப்பாக ஒரு சதுரம். குழம்புச் சட்டியை இறக்கி வைக்க வட்டமாக ஒரு மெத்தை. கூஜாவுக்கு உறை. உட்காருவதற்கு ஆசனம். சங்கிலி போட்டு, அதன்மேல் வரிசை வரிசையாக ஏற்றி, மூலைக்கு மூன்று பின்னல் கண் சேர்த்தால் சதுரம் தானாகத் திரும்பும் என்பாள். எனக்குத் தெரிந்து தானாகத் திரும்புகிறது தின்ற சோறு மட்டும்தான், அதுவும் கெட்டுப்போனால்.

ஆசனத்துக்குத்தான் கிராக்கி. மலைமேல் ஜபம் பண்ணுகிறவர்கள் எல்லோருக்கும் தீட்டில்லாத ஆசனம் வேண்டும், அது உறுத்தாமலும் இருக்க வேண்டும். கோயிலில் நான் யாரைப் பார்த்தாலும் “ஆத்துல சொல்லி எனக்கும் ஒண்ணு” என்பார்கள். இருபது வருஷமாக நான் பொங்கல் கிண்டுகிறேன், அதை ஒருவரும் இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை.

அவளுக்கு ஆசை வேறு. கட்டில் முழுக்க மூடுகிற மாதிரி ஒரு விரிப்பு. நூறு சதுரம் தனித்தனியாகப் பின்னி, ஓரங்களைச் சேர்த்து. அதற்கு நிறைய நூல் வேண்டும்.

போர் முடிந்த மறுவருஷம் ஆவணி மாதத் தொடக்கத்தில் பழந்துணிக்காரர் ஒருவர் தெருவுக்கு வந்தார். அரக்கோணத்தில் பட்டாளத்தார் கழித்த சாமான் குவிந்துகிடந்த நேரம். மூட்டையை அவிழ்த்தார், உள்ளே பாசி நிறத்தில் ஏழெட்டு ஸ்வெட்டர்.

“மிலிட்டரி மால் சாமி. சீமைக் கம்பளி. பூச்சி தொட்டது கெடையாது.”

“உள்ள ஆள் யாரும் தங்கிடலையே? நன்னா உதறிப் பாத்தியா?”

“உதறிட்டேன் சாமி. ஒரே ஒரு சார்ஜண்ட் வுழுந்தாரு, சல்யூட் அட்சிட்டுப் பூட்டாரு.”

எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. என் மனைவி வாசல்படியில் குந்தி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றில் முழங்கைப் பக்கம் பழுப்பாக ஒரு கறை.

“இது என்னன்னா?”

“தேத்தண்ணி. பட்டாளத்துல அவாளுக்கு வேற என்ன வேலை?”

“யார் போட்டுண்டதோ, எவன் போட்டுண்டதோ. பூந்திக்கொட்டைத் தண்ணில ஒரு ராத்திரி ஊறவெச்சு, வெயில்ல நன்னாக் காயவெச்சுட்டு அப்பறம் பிரிக்கறேன்.”

“கம்பளிக்கு ஸ்நானம் பண்ணிவெக்கற ஒரே பொம்மனாட்டி நீதான்டி. அதுக்குத்தான் தீட்டே கிடையாதே! மூணு நாள் ஈரமாக் கெடக்கும், நாத்தம் வேற. பேசாம பிரி.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆனால் நூல் ஆசை. வாங்கிய கையோடு தோள் தையலை அறுத்து, நுனியைக் கண்டுபிடித்து இழுத்தாள். வரிசை வரிசையாக ஸ்வெட்டர் கரைய ஆரம்பித்தது. நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். என் கையில் சுற்றினாள். மலைமேல் அண்டா நிறைய நைவேத்தியம் செய்கிறவன், வீட்டில் நூல் சுற்றுகிற கட்டை. நூல் சுருள் சுருளாக வந்தது; அதைக் கொதிக்கிற தண்ணீரின் ஆவியில் காட்டினால் நீளும். அப்படி நீட்டி, உருண்டை உருண்டையாக்கி, மூங்கில் ஊசியை எடுத்து அன்று மாலைக்குள் இரண்டு சதுரம் போட்டுவிட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு திருப்தியை நான் அடிக்கடி பார்த்ததில்லை.

நான்காம் நாள் அவளுக்குத் தலைவலி, இடுப்பு வலி, அனலாகக் காய்ச்சல். நான் மிளகு கஷாயம் வைத்தேன். மூன்று நாள் கழித்துக் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. நெற்றியிலும் கையிலும் சிவப்பாக என்னமோ எழும்பியது. வேர்க்குரு என்றேன். எதிலும் ஒரு அபிப்பிராயம் வைத்திருப்பது என் குணம்.

பால்காரம்மா வந்தாள். எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவள், முகமெல்லாம் பழைய அம்மைத் தழும்பு. கதவிடுக்கு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தவள் பால் செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள்.

“சாமி, வூட்ல ஆத்தா வந்துகிறா. சின்னவ இல்ல. பெரியவ.”

என் மனைவிக்குச் சிறுவயதில் அம்மை குத்தவில்லை. ஊசிக்காரர் அவர்கள் ஊருக்கு வந்தபோது அவளை நெல் குதிருக்குள் இறக்கி மூடிவிட்டார்களாம். அதைப் பெரிய சாமர்த்தியமாகக் கதை சொல்வாள். எனக்குக் குத்தியிருந்தார்கள், தோளில் வட்டமாகத் தழும்பு இருக்கிறது.

அம்மை இறங்கிய வீட்டில் தாளிக்கக் கூடாது, சவரம் கூடாது, விருந்தாளி கூடாது. வாசலில் வேப்பிலை கட்டினேன். மடப்பள்ளிப் பெரியவர் தெருக்கோடியில் புளியமரத்தடியில் நின்று குரல் கொடுத்தார்: “நீ மலைக்கு வரப்படாது. தலைக்கு ஜலம் விட்டு முடியறவரைக்கும் உன் முறையை நான் பாத்துக்கறேன்.” உறவுக்காரர் ஒருவரும் வாசல் மிதிக்கவில்லை. வந்தது பால்காரம்மா மட்டும்தான்.

“எனுக்குத்தான் எட்டு வயசுலயே வந்து போய்ட்ச்சே. ஆத்தா ஒரு ஒடம்புக்கு ரெண்டு தபா வர மாட்டா,” என்று சொல்லிவிட்டு, அதுவரை கொல்லைப்பக்கம் தாண்டி வராதவள் நேராகக் கூடத்துக்குள் வந்து, என் மனைவியின் பாயருகே உட்கார்ந்து வேப்பங்கொத்தால் தடவிக்கொடுத்தாள். தீட்டைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கிற யோக்கியதை எனக்கு இருந்த மாதிரியும் தெரியவில்லை.

கொப்புளம் நீர்கோத்துக் கண் இமை மேலும் ஏறிவிட்டது. இமைகள் வீங்கி ஒட்டிக்கொண்டன. பால்காரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“உசுரு நிக்கும்னுதான் தோணுது சாமி. கண்ணுதான்... ஆத்தா கண்ணுல எறங்கிகினு இருக்கா. கண்ணை வுட்டுட்டுப் போன்னு வேண்டிக்கோ.”

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு ஸ்வெட்டர் ஞாபகம் வந்தது. அந்தப் பழுப்புக் கறை. தேத்தண்ணியாவது மண்ணாவது! எந்தப் பட்டாள முகாமிலோ அம்மையில் செத்தவன் சட்டை அது. அதைத்தான் நான் பூந்திக்கொட்டை போடாதே என்று வீட்டுக்குள் விட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. கம்பளி உருண்டைகள் மூலையில் ஒரு கூடையில் இருந்தன. கையால் தொடப் பயம். அடுக்களைக்கு ஓடி வடை எடுக்கிற சாரணியைக் கொண்டுவந்தேன். எண்ணெயிலிருந்து வடையை அரிக்கிற மாதிரி ஒவ்வொரு உருண்டையாகச் சாரணியில் ஏந்தி, கையை நீட்டிப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். ஓர் உருண்டை வழியில் விழுந்து, நூல் அவிழ்ந்து, என் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கிணற்றில் வாளி விழுந்த ஓசை கேட்டது. ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே கொல்லையை ஒரு சுற்று வந்தேன். நூலும் கூடவே வந்தது.

புது நூலோடு நிறுத்தினேனா? இல்லை. புத்தி ஓட ஆரம்பித்தால் எனக்கு நிற்காது. ஒரே கூடையில் இருந்ததால் பழைய நூலிலும் ஒட்டியிருக்கும். பழைய நூலில் ஒட்டினால் அதில் செய்ததிலும் ஒட்டியிருக்கும். நான்கு வருஷமாக அவள் செய்த பாத்திரப் பிடிகள், வட்ட மெத்தைகள், கூஜா உறை, யாருக்கோ கொடுக்க வைத்திருந்த மூன்று ஆசனம், விரிப்புக்கென்று அடுக்கி வைத்திருந்த சதுரங்கள், அப்பாவின் கம்பளி, கடைசியாக அந்த மூங்கில் ஊசி. எல்லாவற்றையும் குவித்துக் காய்ந்த தென்னோலையைப் போட்டுப் பற்றவைத்தேன்.

இருபது வருஷம் அடுப்பு மூட்டியவனுக்குக் கம்பளி எரியாது என்று தெரியவில்லை. ஓலை எரிந்து அடங்கும், கம்பளி சுருண்டு கருகிப் புகையும், அணைந்துபோகும். மறுபடி ஓலை, மறுபடி புகை. மயிர் பொசுங்குகிற நாற்றம் தெருவெல்லாம் பரவியது. பால்காரம்மா ஓடி வந்தாள்.

“இன்னா சாமி பண்றே! ஆத்தா எறங்கிகிற வூட்ல கடுகு வெடிக்கவே கூடாது, நீ சொடலை மாரி கொளுத்திகினு கீறியே! புத்தி கெட்டுப் பூட்ச்சா?”

“இதுலதான் வந்துது. இந்தக் கம்பளிலதான் வந்துது.”

“எதுல வந்தா இன்னா? வந்தவளை இப்டியா தொரத்துவே?”

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் கேட்டது. தொண்டையிலும் கொப்புளம், தேய்ந்த குரல். “என்னன்னா பொசுங்கறது?”

“பால். பொங்கி வழிஞ்சுடுத்து.”

“பால் இப்படி நாறாது.”

நான் கம்பால் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வரைக்கும் பிடித்தது. கடைசியில் கறுப்பாக ஒரு கட்டி மிஞ்சியது. வெல்லப்பாகு முற்றிப்போனால் வருமே, அது மாதிரி. அதையும் குழி தோண்டிப் புதைத்தேன். ஏதோ பெரிய காரியம் முடித்தவன் மாதிரி குளத்தில் முழுக்குப் போட்டுவிட்டு வந்தேன். என் மனைவி அன்று எதையும் குடிக்கவில்லை.

உயிர் நின்றது. பொருக்கு உதிர ஆரம்பித்தது. வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தலைக்குத் தண்ணீர் விட்டாள் பால்காரம்மா. இமைகளை ஈரத்துணியால் ஒற்றி ஒற்றிப் பிரித்தாள். பிரிந்த கண்ணைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள், பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். இரண்டு கருவிழியிலும் வெள்ளை படர்ந்திருந்தது.

என் மனைவி முதல் இரண்டு நாள் எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, “அந்த நூல்கூடையை எடுத்துண்டு வாங்கோ,” என்றாள்.

“எதுக்கு?”

“கண்ணு தெளியறவரைக்கும் சும்மா உக்காந்திருக்க முடியலை. சங்கிலி போடறதுக்குக் கண்ணு வேண்டாம். விரலுக்கே தெரியும். சதுரம்கூடப் போட்டுடலாம்னு நெனைக்கறேன், பின்னல் கண்ணை எண்ணத் தெரிஞ்சா போறும்.”

அவள் இரண்டு கையையும் வாங்கிக்கொள்கிற மாதிரி நீட்டினாள்.

“கூடை இல்லைடி. அந்த ஸ்வெட்டர்லேர்ந்துதான் உனக்கு வந்துது. எரிச்சுட்டேன்.”

“பழைய நூலு?”

“அதையும்.”

“நான் பண்ணி வெச்சதெல்லாம்?”

“எல்லாத்தையும்.”

கையை மடியில் வைத்துக்கொண்டாள். “நான்தானே வேணும்னு வாங்கினேன்,” என்றாள். “அலசாம பிரிச்சதும் நான்தான்.” அலச வேண்டாம் என்று சொன்னவன் எதிரில் நின்றுகொண்டிருந்தேன். அதையும் அவள் தன் கணக்கில் எடுத்துக்கொண்டாள், நான் விட்டுக்கொடுத்துவிட்டேன்.

மறுவாரம் அம்மை குத்துகிற உத்தியோகஸ்தர் தெருவுக்கு வந்தார். காக்கிக் கோட்டு, தகரப் பெட்டி. வீடு வீடாகக் குத்திக்கொண்டே எங்கள் வாசலுக்கு வந்து நின்று விசாரித்தார். நான் ஸ்வெட்டர் கதையை ஆதியோடு அந்தமாக, கறையோடும் சாரணியோடும் சொன்னேன். கேட்டுக்கொண்டே என் தோள் தழும்பைப் பார்த்தார்.

“கம்பளி வந்து எத்தினி நாள்ல அம்மாவுக்குக் காய்ச்சல்ங்க?”

“நாலாம் நாள்.”

“அப்ப கம்பளி இல்லீங்க. இந்த நோவு உள்ள பூந்தா பத்துப் பன்னண்டு நாளு சும்மா கெடக்கும், அப்பால்தான் காய்ச்சலே வரும். நாலு நாள்ல வராது. அதுக்கு ரெண்டு வாரம் முன்ன வூட்ல யாருக்குனா காய்ச்சல் கண்டுதா? சின்ன வயசுல குத்திகினவங்களுக்கு லேசாத்தான் வரும், நாலு கொப்புளம், அவ்ளோதான். அவங்களுக்கே தெரியாது. ஆனா பக்கத்துல கீறவங்களுக்குப் பெருசாப் புடிச்சுக்கும்.”

உள்ளே என் மனைவி சுவரில் சாய்ந்திருந்தாள். பேச்சு வருகிற பக்கமாக முகத்தைத் திருப்பினாள்.

“யாருக்கும் இல்லை,” என்றேன்.

“உங்க கையில இன்னாங்க அது, பொட்டுப் பொட்டா?”

“சமையல்காரன் கை. எண்ணெய் தெறிச்சது.”

அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் எனக்குக் காய்ச்சல் வந்தது. கம்பளி வருவதற்குப் பதினோரு நாள் முன்பு. கிருத்திகையன்று காவடிக் கூட்டம் மலை கொள்ளாமல் இருந்தது. காய்ச்சலோடு நின்று சமைத்தேன். மறுநாள் முன்கையில் ஐந்து கொப்புளமும் கழுத்தில் ஒன்றும் எழும்பின. எண்ணெய் தெறித்தது என்று மடப்பள்ளியில் சொன்னேன், வீட்டிலும் சொன்னேன். கழுத்தின் பின்பக்கம் எண்ணெய் தெறிக்காது என்று எனக்குத் தெரியும். அம்மை என்று சொன்னால் மலையை விட்டு இறக்கிவிடுவார்கள், முறை கைமாறிப் போகும் என்று பயந்தேன். அந்த ஒரு வாரமும் என் மனைவிதான் கழுத்துக் கொப்புளத்தில் விரலால் வெண்ணெய் தடவிவிட்டாள். மலைமேல் வேறு யாருக்கு அதைக் கொடுத்தேன் என்று எனக்குத் தெரியாது. அவளுக்குக் கொடுத்தது நான். அவளுக்கு இரண்டு கண்ணும் தெரியவில்லை. கம்பளியால் வந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதற்குப் பிறகு நூலைத் தொடவில்லை.